கூரைதான் தரை: கும்பிடுபூச்சிக்குக் கட்டிய இரண்டாவது வீடு

முதல் வீடு ஒரு முறுக்கு டப்பா. மளிகைக் கடைகளில் கடலைமிட்டாய் போட்டு வைத்திருப்பார்களே, சிவப்பு மூடி போட்ட அந்த ரகம். ஊசியைச் சுட்டு மூடியில் முப்பது ஓட்டை போட்டேன். ஒரு மாங்குச்சியைச் சாய்த்து வைத்தேன். அடியில் டிஷ்யூ தாளை விரித்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அவசரத்துக்கான விலையைப் பூச்சிதான் கொடுத்தது, ஒரு காலாக.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது ஆகஸ்ட் மாதத்தில். பாளையங்கோட்டையில் ஆடிக் காற்று ஓய்ந்து வெயில் மறுபடி ஏறிக்கொண்டிருந்த நாள்கள். ரசத்துக்குக் கறிவேப்பிலை ஒடிக்கப் போன மகள், "அப்பா, ஒரு இலை நடக்கிறது" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் பச்சைக் குஞ்சு ஒன்று, வயிற்றை முதுகுப் பக்கமாக மடக்கித் தூக்கிக்கொண்டு நின்றது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தயிர்க்கடைப் பூச்சி" என்றார். பேத்திக்கு அந்தப் பெயர் விளங்கவில்லை. "கொஞ்சம் பொறு, அது நடக்கும்போது பார்" என்றார் அம்மா. பூச்சி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தது. மத்தை இழுத்து இழுத்துக் கடைவது போலவே இருந்தது. "சரிதான் ஆச்சி" என்று மகள் ஒப்புக்கொண்டாள். ஆனாலும் எங்கள் வீட்டில் நிலைத்த பெயர் கும்பிடுபூச்சிதான்.

டப்பாவில் மூன்று வாரம் நன்றாகவே இருந்தது. வாழைப்பழத் தோலில் மொய்த்த பழ ஈக்களைக் கொடுத்தேன், தின்றது. பிறகு ஒருநாள் ஈயைக் கண்டால் ஒதுங்கிப் போக ஆரம்பித்தது. உடம்பு சரியில்லையோ என்று பயந்து இன்னும் நான்கு ஈக்களை உள்ளே விட்டேன். அது நோய் இல்லை, தோல் உரிக்கப் போகிறது என்பதற்கான அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. தோலுரிப்புக்குச் சில நாள் முன்பே கும்பிடுபூச்சி சாப்பாட்டை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் உள்ளே ஓடித் திரியும் இரை அதற்குத் தொந்தரவு மட்டுமே.

மறுநாள் காலை டப்பாவின் தரையில் கிடந்தது. பாதி உடம்பு பழைய தோலுக்குள், பாதி வெளியே. புதுக் கால்கள் வேகவைத்த சேமியா போல ஈரமாகத் துவண்டிருந்தன. ஓர் ஈரத் தூரிகையால் மெல்லத் தூக்கி நிமிர்ந்த குச்சி ஒன்றில் ஏற்றிவிட்டேன், எப்படியோ பற்றிக்கொண்டது. மாலைக்குள் உடம்பு காய்ந்து இறுகியது. வலது பின்னங்கால் மட்டும் தூண்டில் முள் போல வளைந்தபடியே இறுகிவிட்டது. நான்கு நாள் கழித்து அந்தக் காலை அதுவே கழற்றிப் போட்டது.

என்ன நடந்தது என்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. தோலுரிக்கும்போது கும்பிடுபூச்சி கூரையைப் பின்னங்கால்களாலும் நடுக்கால்களாலும் பற்றித் தலைகீழாகத் தொங்கும். முதுகுப் பக்கம் தோல் பிளக்கும். உடம்பு தன் எடையாலேயே கீழ்நோக்கி வழுகி இறங்கும், சட்டைக்குள்ளிருந்து கையை உருவுவது மாதிரி. கடைசியில் வால் நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியிருக்கச் சற்று நேரம் தொங்கிவிட்டு, கால்கள் கொஞ்சம் வலுத்ததும் வளைந்து மேலே ஏறித் தன் பழைய தோலையே பிடித்துக்கொள்ளும். என் டப்பாவின் கூரையோ வழவழப்பான பிளாஸ்டிக். சாய்த்து வைத்த குச்சியின் நுனி டப்பாச் சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. தோல் பிளக்கும் நேரத்தில் குச்சி சறுக்கியிருக்கிறது.

நாம் வீடு என்றால் தரையிலிருந்து யோசிக்கிறோம். இந்தப் பூச்சி வாழ்நாளில் பெரும்பகுதியைக் கூரையில் கழிக்கிறது; தரைக்கு வந்தால் ஏதோ தவறு என்று அர்த்தம். எனவே இரண்டாவது வீட்டைக் கூரையிலிருந்து தொடங்கினேன்.

முதலில் அளவு. கும்பிடுபூச்சி வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு எளிது: உயரம் பூச்சியின் நீளத்தில் மூன்று மடங்காவது இருக்க வேண்டும், அகலம் இரண்டு மடங்காவது. மூன்று மடங்கு ஏன் என்பது கூரையில் தொங்கும் பழைய தோலையும் அதன் கீழே நீளும் புது உடம்பையும் சேர்த்துக் கற்பனை செய்தால் புரிந்துவிடும். எங்கள் பூச்சி ஹைரோடூலா வகை. தென்னிந்தியத் தோட்டங்களில் சாதாரணமாகக் கிடைக்கும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி. முழு வளர்ச்சியில் பெண் எட்டு சென்டிமீட்டர் வரை வரும் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 24 சென்டிமீட்டர் வெற்று உயரம், 16 சென்டிமீட்டர் அகலம். தரையில் போடப்போகும் தென்னை நார்த் தூளுக்கு மூன்று சென்டிமீட்டர், மேலே குச்சிகளுக்குக் கொஞ்சம். உள் அளவை 30 உயரம், 20 அகலம், 20 ஆழம் என்று முடிவு செய்தேன். இதைவிடப் பெரிதாகச் செய்தால் இரை ஒரு மூலையிலும் பூச்சி ஒரு மூலையிலும் இருக்கும், சந்திப்பே நடக்காது.

மரக்கடை அண்ணாச்சி முக்கால் அங்குல ரீப்பர் துண்டுகளை அளவுக்கு அறுத்துக் கொடுத்தார். "கிளிக்கூண்டா?" என்றார். பூச்சிக்கு என்றதும் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, அறுப்புக்கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரக்கப்பட்டாரோ என்னவோ.

கூரையும் பக்கவாட்டுச் சுவர் இரண்டும் வலை. பின்சுவரும் தரையும் ஒட்டுப்பலகை. முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டில் கதவு. கதவு முன்பக்கம்தான் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். கடைகளில் விற்கும் பெட்டிகள் பலவும் மேலே திறப்பவை. மேல்மூடியில் தொங்கும் பூச்சியைத் தினமும் மூடியோடு சேர்த்துத் தூக்கினால், அது தூங்கும் கட்டிலைத் தினமும் கவிழ்ப்பது போலத்தான்.

வலையில் ஒரு முறை தடம் மாறினேன். வீட்டில் கிடந்த ஸ்டீல் வலையை வெட்டிக் கூரையில் அடிக்கத் தொடங்கியிருந்தேன். பாதியில் சந்தேகம் வந்து பூச்சியின் பாதத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நுனியில் இரண்டு மெல்லிய கொக்கிகள், முடி அளவு தடிமன்கூட இல்லை. கம்பி வலையின் விளிம்பில் அவை மாட்டி முறியக்கூடும். ஸ்டீலைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு அடித்தது போக மிச்சமிருந்த ஃபைபர் கொசுவலையை எடுத்தேன். பிளாஸ்டிக் பூச்சு போட்ட நூல் என்பதால் மென்மையாகவும் இருக்கிறது, பிடிமானமும் உண்டு. ரீப்பர் சட்டத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்து, பின்னின் மீது ரிப்பன் பட்டை ஒட்டினேன். பின்னின் கூர்முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு பின்களுக்கு நடுவே வலை தொய்ந்தால் மறுபடி இழுத்து அடிக்க வேண்டும். நான் மூன்று முறை இழுத்து அடித்தேன்.

கூரை வலைக்கு நேர் கீழே சொரசொரப்பான மாங்குச்சிகள் மூன்றைக் கிடைமட்டமாகச் சட்டத்தோடு சேர்த்து ஆணியால் இறுக்கினேன். சாய்ந்த குச்சி, சறுக்கும் குச்சி எதற்கும் இனி இடமில்லை. ஏறி இறங்க வசதியாகப் பின்சுவர் ஓரமாக மட்டும் ஒரு கிளை நிற்கிறது. நடுவில் முழுக்க வெறும் காற்று. மகளுக்கு இது பிடிக்கவில்லை; பிளாஸ்டிக் கொடி, கூழாங்கல், குட்டிக் குடிசை எல்லாம் வைக்கலாம் என்றாள். தொங்கிக்கொண்டே உடை மாற்றுகிறவளுக்குக் கீழே மேசை நாற்காலி எதற்கு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கூழாங்கல்லை மட்டும் ஒரு மூலையில் வைத்துவிட்டாள். இருக்கட்டும்.

ஒட்டுப்பலகை இணைப்புகளுக்கு சிலிக்கான் பசை பூசினேன். பூசிய இடத்தில் வினிகர் நெடி. அந்த நெடி போகும்வரை எதையும் உள்ளே விடக் கூடாது. மூன்று நாள் மொட்டை மாடியில் கதவைத் திறந்து வைத்திருந்தேன். நான்காம் நாள் மூக்கை உள்ளே நுழைத்து மோந்து பார்த்தேன். மர வாசம் மட்டும்தான்.

சோதனைக்காக முதலில் பழ ஈக்களை விட்டேன். அரை மணி நேரத்தில் எல்லாம் அடுக்களையில் வாழைத்தார் மேல் இருந்தன. கதவுக் கீல் பக்கம் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது எனக்குத் தெரியவில்லை, ஈக்களுக்குத் தெரிந்திருந்தது. ஸ்பாஞ்ச் டேப் ஒட்டிச் சரிசெய்தேன். அந்த வாரம் முழுக்க அம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாழைப்பழத்தின் மேல் கையை வீசிக்கொண்டிருந்தார்.

கூண்டு தயார். எங்கே வைப்பது என்ற கேள்விக்கு எனக்கு விடை சொன்னதும் ஈக்கள்தான். பூச்சி கொஞ்சம் வளர்ந்திருந்ததால் வீட்டு ஈக்களைப் பிடித்துக் காற்று போகும் புட்டியில் சேர்த்து வைக்கத் தொடங்கியிருந்தேன். ஓர் இரவு புட்டியைப் படுக்கையறை அலமாரியில் வைத்தேன். காலையில் பன்னிரண்டு ஈக்களும் மல்லாந்து கிடந்தன. இரவெல்லாம் சுவரில் கொசு மருந்து திரவம் எரிந்துகொண்டிருந்தது. கொசுவத்தியானாலும் திரவமானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பைரெத்ராய்டு வகை நச்சு. அதற்குக் கொசு, ஈ, கும்பிடுபூச்சி என்ற வித்தியாசம் கிடையாது. கூண்டை அந்த அறையில்தான் வைப்பதாக இருந்தேன். எண்ணத்தை அன்றே கைவிட்டுப் பின் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். நேர் வெயில் படாது, காற்று வரும், கொசு மருந்தின் புகை எட்டாது.

ஆனால் தாழ்வாரத்தில் எறும்பு உண்டு. பூச்சி தின்று போட்ட ஈச்சிறகு ஒன்று போதும், சிற்றெறும்பு வரிசை கட்டிவிடும். தோலுரித்துக் கொண்டிருக்கும் பூச்சியை எறும்பு பார்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எறும்பு சாக்பீஸால் கோடு போடலாம் என்றார் அம்மா. அதிலும் அதே குடும்பத்து நச்சுதான். கடைசியில் அவரே இன்னொரு வழி சொன்னார். சர்க்கரை டப்பாவை எப்படிக் காப்பாற்றுகிறோம்? தண்ணீர்த் தட்டில் வைத்து. கூண்டுக்கு நான்கு மரக்கால் பொருத்தி, ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய சிரட்டையில் நிறுத்தினேன். சுவரைத் தொடாமல் நான்கு விரல் தள்ளி. ஒரே நிபந்தனை, சிரட்டைத் தண்ணீரை வாரம் ஒருமுறையாவது கவிழ்த்து மாற்ற வேண்டும். இல்லையென்றால் எறும்புக்குத் தடை போடப்போய் டெங்குக் கொசுவுக்குத் தொட்டில் கட்டியவனாவேன். சிரட்டை, டயர் என்று தேடி வரும் கொசு ஒழிப்புப் பணியாளரிடம், "இது பூச்சிக்காக" என்று விளக்கம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பல்லி பற்றி ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, வலையே பார்த்துக்கொண்டது. தாழ்வார விளக்கடியில் இருக்கும் பெரிய பல்லி இரவில் வந்து வலையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு உள்ளே பார்க்கும். உள்ளேயிருந்து பூச்சியும் பார்க்கும். முக்கோணத் தலை பல்லி நகரும் பக்கமெல்லாம் திரும்பும்.

அந்தக் கண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கண்ணில் தெரியும் கரும்புள்ளி நாம் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்ப்பது போலத் தோன்றும். அது கருவிழி இல்லை. கூட்டுக்கண்ணில் நம்மை நோக்கியிருக்கும் அறைகள் ஒளியை விழுங்கிவிடுவதால் கறுப்பாகத் தெரிகின்றன, அவ்வளவுதான். இந்தப் பூச்சி இரண்டு கண்ணாலும் தூரத்தை அளக்கும். 2016இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சிகளுக்குத் தேன்மெழுகால் குட்டி முப்பரிமாணக் கண்ணாடி ஒட்டி, திரையில் பொய்ப் பூச்சியைக் காட்டியே இதைச் சோதித்தார்கள். என் வீட்டுச் சோதனை அவ்வளவு நேர்த்தியானது இல்லை: செத்த ஈயை இடுக்கியில் பிடித்து நீட்டினால் கண்டுகொள்ளாது. அதையே கொஞ்சம் நடுங்க வைத்தால் தலை திரும்பும், உடம்பு ஒருமுறை ஆடும், அடுத்த நொடி இடுக்கி காலி.

அக்ரிலிக் கதவில் ஒரு குறை இருந்தது. வெளியே வெளிச்சம் தெரிவதால் பூச்சி அந்தப் பக்கமே ஏற முயன்று, வழுக்கி, முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இப்படித் தேய்த்துத் தேய்த்துக் கண்ணில் பழுப்புத் திட்டு விழுந்துவிடுவது உண்டு. கதவின் கீழ்ப்பாதியில் வெளியிலிருந்து பழுப்புத் தாளை ஒட்டினேன். இரண்டு நாளில் கூரைக்கே திரும்பிவிட்டது.

தண்ணீருக்குக் கிண்ணம் வேண்டாம். தெளிப்பானால் பக்க வலையில் இரண்டு முறை புகைபோல அடித்தால், துளிகளிலிருந்து வாய் வைத்து உறிஞ்சிக்கொள்ளும். செப்டம்பர் வெயிலில் ஈரப்பதமானி 40 சதவீதம் காட்டியபோது தினமும் காலையில் அடித்தேன். அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் முள் 80க்கு மேல் போனது. பழக்கதோஷத்தில் அப்போதும் தெளித்தேன். நார்த்தூளில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. தூளை முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிது போட்டேன். அதன்பின் மழைக்காலம் முடியும்வரை தெளிப்பானைத் தொட்டது நாலைந்து முறைதான்.

இது பச்சைக் கும்பிடுபூச்சிக்கான கணக்கு. நம் தெற்கிலும் இலங்கையிலும் காய்ந்த சருகு போல ஒன்று இருக்கிறது. நீண்டு மெலிந்த கழுத்தும் அகன்ற வயிறுமாக வயலின் மாதிரித் தோற்றம். காங்கிலஸ் காங்கிலோடஸ் என்று பெயர். 1758இலேயே லின்னேயஸ் பட்டியலிட்டுவிட்டார். அதற்கு உலர்ந்த சூடான கூண்டு வேண்டும், பறக்கும் இரை வேண்டும். என் கூண்டு அதற்குச் சரிப்படாது.

இரை விஷயத்தில் ஒரே பிடிவாதம் வைத்திருந்தேன். தாமிரபரணிப் பாசன வயல்கள் எங்கள் தெருவிலிருந்து நடந்துபோகும் தூரம்தான், வெட்டுக்கிளிக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த வயலில் நேற்று மருந்தடித்தார்கள் என்று வெட்டுக்கிளி சொல்லாது. அடுத்த மனையில் யாரும் கை வைக்காத புல்வெளியிலிருந்தும், விளக்குக்கு வரும் அந்துப்பூச்சியிலிருந்தும் மட்டுமே சாப்பாடு. வீட்டுக் கரப்பானுக்கும் தடை, அது எங்கே என்ன தின்றுவிட்டு வந்ததோ. சுவர்க்கோழிப் பூச்சி கொடுத்தால் தின்னாத மிச்சத்தை இரவுக்குள் எடுத்துவிடுவேன். சுவர்க்கோழிக்கும் பல் உண்டு. தொங்கிக்கொண்டிருக்கும் மென்தோல் பூச்சியை அது கடிக்கும்.

புதுக் கூண்டில் அடுத்தடுத்த தோலுரிப்புகள் எனக்குத் தெரியாமலேயே இரவில் நடந்தன. காலையில் கூரையில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கும், பக்கத்தில் பூச்சி ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். முதல் முறையே வலது பின்னங்கால் இருந்த இடத்தில் ஒரு குட்டிக் கால் எட்டிப் பார்த்தது. அடுத்த முறை இன்னும் நீண்டது. இளம்பூச்சியாக இருக்கும்வரைதான் இந்தச் சலுகை. சிறகு வந்துவிட்டால் இழந்தது இழந்ததுதான்.

கடைசித் தோலுரிப்பைக் கண்ணால் பார்த்தோம். டிசம்பர் நடுவில் முதுகிலிருந்த சிறகு மொட்டுகள் ஊறவைத்த பயறு போல உப்பின. சாப்பாடு நின்று ஆறு நாள். ஒரு மாலை ஏழு மணி இருக்கும், நடுக் குச்சியில் தொங்கிக்கொண்டு உடம்பை ஒருமுறை வெட்டி உதறியது. மகள் ஓடிவந்தாள். பிடரியில் தோல் கோடாகப் பிளந்தது. முதலில் வெளிர்பச்சை முதுகு, பிறகு தலை, பிறகு மடிந்த முன்கால்கள், ஒவ்வொன்றும் உறையிலிருந்து உருவுவது போல. கடைசியாகப் பின்னங்கால்கள். முழு உடம்பும் காற்றில் ஊஞ்சலாடியபோது நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். கீழே இன்னும் 12 சென்டிமீட்டர் மிச்சமிருந்தது. வளைந்து மேலே ஏறிப் பழைய தோலைப் பிடித்தது. சிறகுகள் அப்போது கசக்கிய ஈரத் தாள் போல இருந்தன. எட்டரை மணிக்கெல்லாம் நீண்டு தொங்கின. மறுநாள் பச்சை ஏறியபின் முன்சிறகில் ஹைரோடூலாவுக்கே உரிய வெள்ளைப் பொட்டு தெரிந்தது. அடிவயிற்றில் வளையம் வளையமாகத் தெரியும் கண்டங்களை எண்ணினோம், ஆறு. ஆணாக இருந்தால் எட்டு இருக்கும். புதுக்கால் மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை, ஆனால் வேலை செய்கிறது. இரை கொடுக்காமல் சில நாள் விட்டுவைத்தோம், உடம்பு நன்றாக இறுகட்டும் என்று.

இப்போது ஜனவரி. நேற்றுக் காலை சாப்பாடு வைக்கப் போனால் கதவு திறக்கவில்லை. கதவின் மேல் விளிம்பும் சட்டமும் சேருமிடத்தில், இரண்டையும் பிணைத்தபடி, பழுப்பு நுரை இறுகிய முட்டைக்கூடு ஒன்று இருந்தது, பெரிய நெல்லிக்காய் அளவில். குஞ்சிலிருந்தே தனியாக வளர்ந்தவள், ஆணைச் சந்தித்ததே இல்லை. இதிலிருந்து எதுவும் பொரிக்காது. கத்தியால் பெயர்த்துவிடலாம் என்று கையை ஓங்கினேன். மகள் கத்தியை வாங்கி அடுக்களையில் வைத்துவிட்டு வந்தாள்.

ஆகவே இன்று இடதுபக்க வலையின் கீழ் மூலையில் ஸ்டேப்ளர் பின்கள் ஆறைக் கழற்றி, கை நுழையும் அளவுக்கு ஒரு மடல் பிரித்திருக்கிறேன். இரண்டு துணி கிளிப் போட்டு மூடியிருக்கிறது. முதல் அந்துப்பூச்சி அந்த வழியாக உள்ளே போய்விட்டது.